கோணமாமலைக் கரையிலே

ஈழநாட்டின் கீழ்க்கரை பெரும்பாலும் மணற்கரையே. பருத்தித்துறையிலிருந்து முல்லைத்தீவு வழியாகத் தெற்கு நோக்கி வருவோமாயின், பனையும் தாழையும், களப்பும் உவர்நிலமுமாக நிலம் தாழ்ந்தே கிடக்கக் காண்போம். திருகோணமலையை அணுகியதும் நிலத்தின் இயல்பு மாறிவிடுகின்றது. குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, நேரே கடலுக்குள் இறங்குகின்றன. அவற்றின் இடையிடையே கடல் உள்ளே புகுந்து குடாக்களை வகுத்திருக்கின்றது. அக்குன்றுகளுள் ஒன்று மட்டும் ஊரைவிட்டு விலகி, கடலைப் பிளந்துகொண்டு நிற்கின்றது. அதுவே கோணமாமலை. ஆங்கிலேயர் அதனைச் சுவாமிப் பாறை என்று அழைத்தனர்.

நம் சங்கத்து இளைஞர் சிலரோடு நாம் அம்மலைக்குச் சென்றிருந்த ஒரு நாள், கோயில் வாசலிலே ஓர் இளைஞர் எம்மைக் கேட்டார்: “ஐயா, இந்தக் கட்டடம் என் அப்பாவின் வயதுதானே இருக்கும்? இதனை மூவாயிரம் ஆண்டுப் பழைமை என்கிறார்களே, எந்தக் கல்லைக் காட்டி அப்படிச் சொல்கிறார்கள்?” உடன் வந்த முதியவர் ஒருவருக்கு இக்கேள்வி சற்றே சினத்தை மூட்டியது. எமக்கோ மகிழ்ச்சியே உண்டாயிற்று. கேட்கத் தெரிந்த பிள்ளைக்கே சொல்லத் தகும். அன்று மலையிலே அவசரமாகச் சொன்ன மறுமொழியை, இம்மலரின் வாயிலாக ஆறுதலாகச் சொல்ல முயல்கின்றோம். அதற்கு ஒரு கோயிலை மட்டும் பார்த்தாற் போதாது. அக்கரை முழுவதையும் ஒரு முறை சுற்றிவர வேண்டும். அன்பர்கள் எம்மோடு வருக.

மலையும் மடுவும்

முதலில் நிலத்தைப் பார்ப்போம். திருகோணமலைக் குன்றுகள் மிகப் பழைய படிகப் பாறைகளால் ஆனவை. மென்மையான நிலம் தேய்ந்து கடலுக்கு இடம் கொடுக்க, வன்மையான பாறை மட்டும் முனைகளாக எஞ்சி நின்றது. கடலுக்கு மேலே காணும் இவ்வியல்பு கடலுக்கு அடியிலும் உண்டு. துறைமுக வாயிலை ஒட்டி ஆழ்ந்த கடற்பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகின்றது. கரையினின்று சில மைல் சென்றதுமே கடல் ஆயிரக்கணக்கான அடி ஆழமாகிவிடுகின்றது. வேறு நாடுகளில் நெடுந்தூரம் கப்பலோடினாலன்றிக் காண முடியாத நீலத் திமிங்கிலங்களை இங்கே மார்ச்சு முதல் ஓகஸ்ட் வரையுள்ள அமைதிக் காலத்திலே கரைக்கு அணித்தாகவே காணக் கூடியதாயிருப்பதற்கு இவ்வாழமே காரணம்.

இக்கரைக்குச் செல்வோர் காற்றை அறிந்து செல்லுதல் வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று வீசும், மழை கொட்டும், கடல் கொந்தளிக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் குளம் போலக் கிடக்கும். அக்காலத்திலே தரை வழியாக வரும் கச்சான் காற்று உடலைச் சுடும். ஆதலால் மலையேறுவோர் விடியற் காலையிலோ வெயில் சாய்ந்த பின்னரோ ஏறுதல் நன்று. நாம் ஏறியது விடியற் காலை. கிழக்கே கடலிலிருந்து ஞாயிறு எழும்ப, பாறையின் கீழே வள்ளங்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தன. சுமார் 350 அடி உயரத்திலிருந்து பார்க்கையில் அவை நீரில் மிதக்கும் புன்னை இலைகள் போலத் தோன்றின.

கோயிலும் கோட்டையும்

மலைக்குச் செல்லும் வழி ஒரு கோட்டையின் வாயிலூடாகவே செல்கின்றது. இதுவே அக்கரையின் வரலாற்றைச் சுருக்கிக் கூறும் காட்சி. வாயிலின் மேலே ஆங்கிலேய அரசின் இலச்சினை. கீழே, கதவு நிலையிலுள்ள ஒரு கல்லிலே பாண்டியரின் இணைக்கயல். அதனருகே குளக்கோட்டனையும் பறங்கியரையும் பேசும் பழைய தமிழெழுத்துக்கள். கயல் பொறித்த அந்தக் கல் கோட்டைக்காகச் செதுக்கப்பட்டதன்று. ஒரு கோயிலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு வந்தது.

அக்கோயில் எத்துணைப் பழையது? ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இராமேசுவரக் கரையில் நின்று, ஈழத்துத் தலங்களாகிய திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் பாடினார் எனப் பெரியபுராணம் கூறும். கடல் அலைகள் சந்தனமும் அகிலும் முத்தும் கொணர்ந்து சேர்க்கும் மலையாக அவர் அதனைக் காண்கின்றார். நேரில் வாராத ஒருவர் பாடும் அளவுக்கு அத்தலத்தின் புகழ் அன்றே கடல் கடந்து சென்றிருந்தது என்பதை நாம் உணர வேண்டும். நிலாவெளியிலே கிடைத்த சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று, கோணபர்வதத்து மச்சகேசுவரம் என்னும் கோயிலுக்கு 250 வேலி நிலம் உரித்தாக்கப்பட்டதைச் சொல்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையிலே தன் கயற்கொடியைப் பொறித்தான் எனக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறும். வாயிற் கல்லில் உள்ள கயல் வெறும் அலங்காரமன்று என்பது இதனாற் புலனாகும். பதினைந்தாம் நூற்றாண்டிலே அருணகிரிநாதரும் இத்தலத்தைப் பாடினார்.

புராணங்களோ இன்னும் பழைமை பேசும். இராவணன் இம்மலையைப் பெயர்க்க முயன்று வாளால் வெட்டிய இடமென்று பாறையின் பிளவைக் காட்டுவர். இராவணன் வெட்டு என்பது அதன் பெயர். குளக்கோட்டன் திருப்பணி செய்து, கந்தளாய்க் குளத்தை அமைத்துக் கோயிலுக்கு வயல் வழங்கினான் எனக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும். வரலாற்றாசிரியர் கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டு மன்னனாகிய இரண்டாம் அக்கபோதியோடு தொடர்புபடுத்துவர். புராணத்தை வரலாறென்று மயங்குதலும் தவறு. புராணமென்று தள்ளிவிடுதலும் தவறு. ஒரு குளமும் ஒரு கோயிலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்ற உண்மையை அக்கதை தன் முறையிலே காத்து வைத்திருக்கின்றது.

போர்த்துக்கேயர் இங்கே வந்தபோது மலையின் அடியிலும் இடையிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்பது அவர்களின் பாதிரியாராகிய குவைறோஸ் எழுதிய வரலாற்றாலேயே தெரிகின்றது. தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அவற்றை இடித்தான். 1622 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு நாளிலே, சுவாமி நகர்வலம் சென்றிருந்த வேளையிலே, அந்தணர் வேடம் பூண்ட பறங்கியர் உட்புகுந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. இடித்த கற்களைக் கொண்டு 1624 அளவிலே அங்கே கோட்டை எழுந்தது. எஞ்சிய கற்கள் கடலுக்குள் தள்ளப்பட்டன. அடியார்கள் சில திருவுருவங்களை மண்ணிற் புதைத்தனர். வேறு சிலவற்றைத் தம்பலகாமத்துக்குக் கொண்டு சென்று, அங்கே ஆதிகோணநாயகர் கோயிலை எழுப்பினர். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த அக்கோயில் இன்றும் நெற்பயிரின் நடுவே நிற்கின்றது. மலைக்குச் சென்றோர் அதனையும் காணாமல் திரும்பலாகாது.

வெறும் பாறையை வணங்கிய காலம்

இனித்தான் அந்த இளைஞரின் கேள்விக்கு விடை வருகின்றது. கோயில் இடிந்த நாளிலிருந்து மறுபடியும் மலையிலே குடமுழுக்கு நடந்த நாள்வரை ஏறத்தாழ 340 ஆண்டுகள் கழிந்தன. பத்துத் தலைமுறைக்கு மேல். அவ்வளவு காலமும் அங்கே பழைய பெருங்கோயில் இல்லை, கோபுரம் இல்லை. மலையோ அந்நியப் படையின் கோட்டைக்குள்ளே இருந்தது. ஆயினும் மக்கள் அம்மலையை மறக்கவில்லை.

ஆங்கிலேய ஆட்சியிலே குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே, இம்மலையில் நிகழ்ந்த வழிபாட்டை விவரித்திருக்கின்றார். பாறையின் விளிம்பிலே அந்தணர் ஒருவர் நின்று, கடலை நோக்கிப் பூவைத் தூவி, கர்ப்பூரச் சுடரை ஏந்தி வணங்குகின்றார். சூழ்ந்து நிற்கும் மக்கள் கைகூப்புகின்றனர். கோயில் இல்லாத இடத்தில் எதை நோக்கி வணங்கினர்? கோயில் வீழ்ந்த கடலையே நோக்கி வணங்கினர். கல் போயிற்று, ஏறும் கால்கள் நிற்கவில்லை. அக்கால்களின் தொடர்ச்சியே இத்தலத்தின் பழைமை என்பது எமது துணிபு.

1950 ஆம் ஆண்டிலே கோட்டைக்கு அணித்தாகக் கிணறு வெட்டியோரின் மண்வெட்டியிலே உலோகத் திருவுருவங்கள் தட்டுப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி எனச் சோழர் கலைச் சிறப்பு விளங்கும் படிமங்கள் மண்ணினின்றும் வெளிவந்தன. டாக்டர் பாலேந்திரா 1953 இல் இவைபற்றி எழுதிக் கற்றோர் உலகுக்கு அறிவித்தார். சில ஆண்டுகளில், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் பாறையின் அடியிலே கடலுள் மூழ்கி, தூண்களும் செதுக்கிய கற்களும் கிடக்கக் கண்டனர். கிளார்க் அதனை 1957 இல் வெளிவந்த தம் நூலிலே எழுதினார். மீனும் பவளமும் தேடி மூழ்கிய வில்சன் பின்னாளிலே சுவாமி சிவகல்கி என்னும் பெயரோடு துறவு வாழ்வை மேற்கொண்டார். 3.3.1963 அன்று மலையிலே புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மண்ணுக்குள் ஒளித்து வைத்தவர்களின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் காத்த பொருள் மட்டும் கிட்டிற்று.

கொடிகள் மாறிய துறைமுகம்

மலையிலிருந்து தெற்கே திரும்பினால் துறைமுகம் தெரியும். இயற்கையே அமைத்துக் கொடுத்த இவ்வகன்ற ஆழ்துறைக்காக ஐரோப்பியர் ஒருவரோடொருவர் மோதிய வரலாறு ஒரு நாடகம் போன்றது. 1639 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பறித்தனர். 1782 சனவரியிலே ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரான்சியக் கடற்படைத் தலைவர் சுப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3 இல் துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் பெரும்போர் செய்தன. சமாதான உடன்படிக்கையினால் அது மீண்டும் ஒல்லாந்தர் கைக்கே சென்றது. 1795 இல் ஆங்கிலேயர் திரும்ப வந்தனர், இம்முறை போகவில்லை. 1803 இல் கோட்டைக்குப் பிரெடெரிக் என்று பெயரிட்டனர். பின்னாளில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெலெஸ்லி 1800 ஆம் ஆண்டின் முடிவிலே இக்கோட்டைக்குள் தங்கியிருந்தார். அவர் தங்கிய வீட்டை இன்றும் காட்டுவர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தலைவர் சாள்ஸ் ஒஸ்ரின், 1852 இல் பர்மாவிலே இறந்து இவ்வூர் மயானத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார்.

கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுவதையும், மலையுச்சியிலே ஒரு பழைய தூண் நிற்பதையும் வருவோர் காண்பர். பிரான்சினா என்னும் ஒல்லாந்தப் பெண், தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைக் கண்டு இப்பாறையினின்று பாய்ந்து உயிர் நீத்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வர். தூணில் உள்ள ஆண்டு 1687. ஆனால் ஒல்லாந்தர் பதிவேடுகளை ஆராய்ந்தோர், அப்பெண் அதன் பின்னரும் மணம் புரிந்து வாழ்ந்தாள் என்கின்றனர். கேட்கச் சுவையான கதையெல்லாம் நடந்த கதை ஆகிவிடாது. இதனையும் இளைஞர்கள் குறித்துக்கொள்க.

இரண்டாம் உலகப் போரிலே இத்துறைமுகம் மீண்டும் உலகின் கண்ணிற் பட்டது. ஏறத்தாழ 100 பாரிய எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாக் காட்டினுள்ளே போருக்கு முன்னரே நிறுவப்பட்டிருந்தன. 9.4.1942 காலையிலே யப்பானிய விமானங்கள் நகரையும் துறைமுகத்தையும் தாக்கின. முதல் நாள் இரவே கப்பல்கள் வெளியேற்றப்பட்டிருந்தன. ஆயினும் வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மெஸ் மட்டக்களப்புக்கு அப்பாலே மூழ்கடிக்கப்பட, அதிலே 300 பேருக்கு மேல் மாண்டனர். நிலாவெளி வீதியிலே வரிசை வரிசையாக வெண்கற்கள் நடப்பட்ட போர் மயானம் ஒன்று உண்டு. பல தேசத்து வாலிபர்கள் அங்கே துயில்கின்றனர். கற்களில் உள்ள வயதுகளைப் படித்துக்கொண்டே சென்ற எம் இளைஞர்கள் சற்று நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டனர். தம் வயதையே அங்கே கண்டார்கள் போலும். 1957 ஒக்டோபரிலே ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர்.

கன்னியா வெந்நீர்

நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ ஐந்து மைலிலே, அனுராதபுரம் செல்லும் வீதியை விட்டுச் சிறிது விலகினால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அடையலாம். சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள், ஒன்றுக்கொன்று சில அடி இடைவெளியிலேயே உள்ளன. ஆயினும் ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். ஒன்றிலே அள்ளி வார்த்தவர் அடுத்ததிலே “ஆ” என்று கையை எடுப்பர். இராவணன் தன் தாய்க்கு அந்தியக் கிரியை செய்யும்பொருட்டு இவை தோன்றின என்பது ஐதிகம். அதனாலேயே அந்தியேட்டிக் கடன் செய்வோர் தலைமுறை தலைமுறையாக அங்கே வந்துள்ளனர்.

வெந்நீர் எங்ஙனம் வருகின்றது? எரிமலை எதுவும் இங்கே இல்லை. மழைநீர் பாறை வெடிப்புக்களினூடே மிக ஆழத்துக்குக் கசிந்து இறங்குகின்றது. ஆழம் செல்லச் செல்ல நிலத்தின் வெப்பம் ஏறும். அவ்வெப்பத்தை ஏற்ற நீர் வேறொரு வெடிப்பினால் மேலே வந்துவிடுகின்றது. மகாஓயா, மகாபெலஸ்ஸ முதலிய இடங்களிலும் இத்தகைய ஊற்றுக்கள் உண்டு. அறிவியல் இதனைச் சொல்வதனால் ஐதிகம் குறைவுபடுவதில்லை. பூமி தன் அடிவயிற்றிலே காய்ச்சித் தரும் நீரை இறந்த தாய்க்கு வார்ப்பது பொருத்தமே என்று கருதிய முன்னோரின் உள்ளத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இக்கிணறுகளை யார் பராமரிப்பது, இவ்விடத்தின் வரலாறு யாருடையது என்ற சச்சரவு அண்மை ஆண்டுகளிலே எழுந்து, 2019 இல் நீதிமன்றம் வரை சென்றது. அதன் வாதங்களை ஈண்டு விரிப்பது எம் நோக்கமன்று. ஒன்றை மட்டும் சொல்வோம். ஓர் இடத்தை அறியாதவர் அதனைப் பற்றி வாதிடவும் மாட்டார், காக்கவும் மாட்டார். எத்தனை நம் பிள்ளைகளுக்குக் கன்னியா என்பது குளித்துவிட்டு வரும் இடமாக மட்டும் தெரியும் என்பதை நாம் நெஞ்சிற் கைவைத்துச் சிந்திக்க வேண்டும்.

கொட்டியாரத்துப் புளியமரம்

துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்திருப்பது கொட்டியாரக் குடா. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை 335 கிலோ மீற்றர் ஓடி வந்து இங்கேதான் கடலோடு கலக்கின்றது. அதன் கிளையொன்று வெருகல் என்ற பெயரோடு தெற்கே செல்கின்றது. அக்கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கின்றார். முன்னாளிலே திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்வோர் துறைக்குத் துறை இறங்கி, பாதையேறி ஆறு கடக்க வேண்டும். பாதை என்பது இங்கே தெருவன்று. வண்டியையும் ஆளையும் ஏற்றிக் கடத்தும் மிதவை. கிண்ணியாவிலே 2009 இல் நீண்ட பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் பாதைக்காகக் கரையிலே காத்திருந்த பொழுதுகளில் எத்தனை ஊர்க் கதைகளைக் கேட்டிருப்போம் என்று முதியோர் இன்றும் சொல்லி மகிழ்வர்.

இக்குடாவிலேதான் 1660 இல் ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், புயலிலே முறிந்த பாய்மரத்தைச் செப்பனிட வந்து நின்றது. கப்பல் தலைவரும், அவர் மகனாகிய பத்தொன்பது வயது றொபேட் நொக்சும் வேறு பலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்டனர். மூதூருக்கு அணித்தாகப் புளியமரம் ஒன்றின் கீழே அவர்கள் அகப்பட்டனர் என்று சொல்லி, அவ்விடத்திலே கல் நாட்டியிருக்கின்றனர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிலே கழித்து, 1679 இல் அரிப்புக்குத் தப்பி ஓடினார். அவர் 1681 இல் வெளியிட்ட நூல், அக்காலத்து இலங்கை மக்களின் உழவு, உணவு, உடை அனைத்தையும் கூறும் அரிய ஏடு. பாய்மரம் முறிந்திராவிடில் அந்நூல் பிறந்திராது.

நிலாவெளியும் புறாமலையும்

நகருக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என வெளிகளாகவே ஊர்கள் தொடரும். நிலாவெளிக் கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மீற்றருக்கு அப்பாலே கடலில் நிற்பது புறாமலை. மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளிற் கூடு கட்டுவதால் அப்பெயர் பெற்றது. சுற்றிலும் பவளப் பாறைகள், ஆழமற்ற நீரிலே வண்ண வண்ண மீன்கள், ஆமைகள், மனிதரைத் தீண்டாத சிறு சுறாக்கள். 1963 இல் சரணாலயமாக்கப்பட்ட இத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாகியது. கோயில் மீண்டும் எழுந்த ஆண்டும் புறாக்களுக்குக் காவல் கிடைத்த ஆண்டும் ஒன்றாக அமைந்தமை எமக்கு இனிய பொருத்தமாகத் தோன்றுகின்றது.

ஆனால் அங்கே நாம் கண்ட ஒரு காட்சி மனத்தை வருத்தியது. நீந்த வந்தோர் சிலர் களைப்பாறப் பவளத்தின் மீதே ஏறி நின்றனர். பவளம் கல்லன்று, அது உயிர். மிக மெதுவாக வளர்வது. ஒரு மனிதன் கால் வைக்கும் கணத்திலே பல ஆண்டின் வளர்ச்சி நொறுங்கிவிடும். கோயிலை உடைத்தவனைப் பழிக்கும் நாம், கடலுக்குள் உள்ள கோயிலைக் காலால் உடைக்கலாமா? அங்கு செல்லும் நம் அங்கத்தவர் மிதந்தே பார்க்குக, எதையும் எடுத்துவராதிருக்குக, கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வருக.

குச்சவெளிக்கு அப்பால் திரியாயிலே குன்றின் மேல் பழைய பௌத்த தூபியும், அதனருகே பல்லவ கிரந்த எழுத்திலமைந்த வடமொழிக் கல்வெட்டும் உள்ளன. நகருக்கு அண்மையிலே பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை உண்டு. சோழர் காலத்திலே அது இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்கே தமிழ்க் கல்வெட்டுக்கள் பல கிடைத்தன. தமிழ் மக்கள் அதனை நாதனார் கோயில் என்றனர். சைவ மன்னன் பெயரைப் பௌத்தப் பள்ளி தாங்கி நிற்பதும், அதற்குத் தமிழர் விளக்கெரிக்கக் கொடை வழங்கியதும் இக்கரையின் பெருமை. இக்கரை ஒருவருக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் மக்கள் கடலோடும் வயலோடும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். நம் பழைமையை அறிவது பிறர் பழைமையை மறுப்பதற்காகவன்று.

முடிவாக

1983 முதல் 2009 வரை நீண்ட போர் இக்கரையின் ஊர்களைச் சிதைத்தது. 26.12.2004 அன்று கடலே எழுந்து நிலாவெளியையும் குச்சவெளியையும் மூதூரையும் அடித்துச் சென்றது. அக்காலங்களிலே தொலைவிலுள்ள நாம் மலைக்குச் செல்லவில்லை. பலரால் செல்லவும் முடியவில்லை. கோட்டை வாயிலிலே சோதனைக்கு நின்று, அருச்சனைத் தட்டைத் திறந்து காட்டி, ஊர்மக்களே ஏறினர். இன்று வீதி திறந்திருக்கின்றது. விடுமுறை நாளிலே பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நாடெங்குமுள்ளோரும் பிற நாட்டாரும் வருகின்றனர். அது நல்லதே. ஆனால் அவசரமாக வந்து, கைத்தொலைபேசியிலே படம் பிடித்து, வாசலிலே இளநீர் குடித்துவிட்டுச் செல்வோருள் நம் பிள்ளைகளும் கலந்துவிடுவார்களோ என்பதே எம் கவலை.

“எந்தக் கல்லைக் காட்டி” என்று கேட்ட தம்பிக்கு எம் மறுமொழி இதுதான். தம்பி, காட்டக் கல் உண்டு. கோட்டை வாயிலிலே ஒன்று உண்டு. கடலடியிலே பல உண்டு. நிலாவெளிக் கல்வெட்டும் உண்டு. மூவாயிரம் என்ற எண்ணை எந்தக் கல்லும் சொல்லவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாது என்பதைத் தேவாரம் சொல்கின்றது. அதனினும் பெரிய சான்று ஒன்றுண்டு. கல்லே இல்லாதிருந்த 340 ஆண்டுகளும் இப்பாறைக்கு ஏறி வந்தார்களே, அவர்களே அச்சான்று. அவர்கள் ஏறியது ஒரு கட்டடத்தைப் பார்க்கவன்று. நீர் இன்று ஏறி வந்தீர். அவ்வரிசையிலே நீரும் ஒருவர். உமக்குப் பின்னே ஒருவர் வராவிடில், கட்டடம் எத்துணை உயர்ந்து நின்றாலும் பழைமை அன்றே அறுந்துவிடும்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு சிறு விண்ணப்பம். ஆண்டுக்கொரு முறை இக்கரைக்கு யாத்திரை செல்லும் வழக்கத்தை மேற்கொள்வோம். மலையோடு நில்லாது தம்பலகாமத்துக்கும் கன்னியாவுக்கும் வெருகலுக்கும் செல்வோம். வாயிற் கல்லிலுள்ள எழுத்துக்களை மூத்தவர் வாசிக்க இளையவர் எழுதிக்கொள்ளட்டும். பாதையிலே ஆறு கடந்த கதைகளை, சொல்ல ஆள் உள்ளபோதே கேட்டு எழுதட்டும். அன்று மாலை திரும்பும்போது அந்தத் தம்பி மீண்டும் ஒருமுறை மலையை நோக்கினார். பாறை விளிம்பிலுள்ள மரத்திலே யாரோ கட்டிய சிறு தொட்டில்கள் காற்றில் ஆடின. கீழே அலை மோதும் ஓசை கேட்டது. “அடுத்த ஆண்டு என் தங்கையையும் கூட்டி வரலாமா, ஐயா?” என்று கேட்டார். அதனைவிடச் சிறந்த விடை எமக்கு வேண்டியதில்லை.